‘பாப்ஸ்டார்’ படத்தை வீட்டில் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016இல் வெளிவந்த ‘பாப்ஸ்டார்: நெவர் ஸ்டாப் நெவர் ஸ்டாப்பிங்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தை நான் ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூடத் தியேட்டரில் இல்லை, எல்லாமே வீட்டில்தான். யாராவது “சிரிக்கிற மாதிரி ஒரு படம் சொல்லு” என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். நண்பர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், ஊரிலிருந்து பேசும் தம்பி என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இது யாரைப் பற்றிய படம்? நிஜமான பாடகரா?

இல்லை. கானர் ஃபிரியல் என்ற கற்பனைப் பாப் பாடகனைப் பற்றிய படம். மேடையில் அவன் பெயர் கானர்4ரியல். அந்த வேடத்தில் நடித்தவர் ஆண்டி சாம்பெர்க். அவரும் அகிவா ஷாஃபர், யோர்மா டக்கோன் ஆகிய இருவரும் சேர்ந்து கதை எழுதினார்கள். ஷாஃபரும் டக்கோனும் இயக்கினார்கள், அவர்களே முக்கிய வேடங்களிலும் நடித்தார்கள். தயாரித்தவர்களில் ஜட் அபடோவும் ஒருவர். ஓடும் நேரம் 87 நிமிடம்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் தூங்கப் போய்விடலாம்.

ஆவணப்படம் மாதிரியே எடுத்திருக்கிறார்களே, ஏன்?

இந்த வகைக்கு ‘மாக்யுமென்டரி’ என்று பெயர். தமிழில் போலி ஆவணப்படம் என்று சொல்லலாம். கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு படக்குழு நாயகனின் பின்னாலேயே அலையும். நடுநடுவே தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேட்டி கொடுப்பார்கள். பேசுபவரின் பெயரும் தொழிலும் திரையின் கீழே எழுத்தில் வரும். எல்லாம் நிஜ ஆவணப்படத்தின் இலக்கணம், நடப்பது மட்டும் கற்பனை.

இந்த வடிவத்தைப் பாப் இசைக்குப் பயன்படுத்தியதில் ஒரு காரணம் இருக்கிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய பாடகர்கள் தங்களைப் பற்றித் தாங்களே ஆவணப்படம் எடுத்துத் தியேட்டரில் வெளியிட்டார்கள். 2011இல் ‘ஜஸ்டின் பீபர்: நெவர் சே நெவர்’, 2012இல் ‘கேட்டி பெர்ரி: பார்ட் ஆஃப் மீ’, 2013இல் ‘ஒன் டைரக்‌ஷன்: திஸ் இஸ் அஸ்’. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். சின்ன வயசு வீடியோ, ஏதோ ஒரு ஊரின் பெரிய அரங்கம், அழும் ரசிகைகள், திரைக்குப் பின்னால் ஒரு சின்னச் சோகம், கடைசியில் மேடையில் வெற்றி. ஆவணப்படம் என்ற பெயரில் வந்த நீளமான விளம்பரங்கள் அவை. ‘பாப்ஸ்டார்’ கிண்டல் செய்வது அந்த அச்சைத்தான். ‘நெவர் ஸ்டாப் நெவர் ஸ்டாப்பிங்’ என்ற தலைப்பே பீபர் படத்தின் தலைப்பைப் பார்த்து வைத்தது.

கதையைச் சொல்லாமல் கதை என்ன என்று சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். கானர், ஓவன், லாரன்ஸ் மூவரும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள். ‘ஸ்டைல் பாய்ஸ்’ என்ற குழுவாகச் சேர்ந்து பாடிப் புகழ் பெறுகிறார்கள். கானர் வேறொரு பாடகியின் பாட்டில் பாடிய ஒரு பத்திக்குப் பெரிய விருது கிடைக்கிறது. அந்தப் பத்தியை எழுதியவன் லாரன்ஸ். மேடையில் கானர் அவன் பெயரைச் சொல்லவில்லை. அதோடு குழு உடைகிறது. லாரன்ஸ் கொலராடோவில் விவசாயம் பார்க்கப் போய்விடுகிறான். ஓவன் மட்டும் கானருடனேயே இருக்கிறான், அவனுக்கு டிஜேயாக.

கானரின் முதல் தனி ஆல்பம் பெரிய வெற்றி. இரண்டாவது ஆல்பம் வெளியாகும் நேரத்தில்தான் படம் தொடங்குகிறது. அந்த ஆல்பம் விழுகிறது. விழுந்ததை ஒப்புக்கொள்ளாமல் எழுந்திருக்கப் பார்த்து, ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் கொஞ்சம் கீழே போகிறான் கானர். மீதியைப் படத்தில் பாருங்கள்.

அமெரிக்கப் பாப் இசை எனக்குத் தெரியாது. படம் புரியுமா?

புரியும். கானரை யாரென்று அடையாளம் காண பீபரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையில் காசும் சுற்றிலும் கூட்டமும் சேர்ந்ததும் தலைகால் புரியாமல் ஆடும் ஒருவனை நாம் எல்லோரும் எங்கேயோ பார்த்திருக்கிறோம். ஆனாலும் ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சிரிப்பு இரண்டு மடங்காகும். அதற்கு ஒரு தனிக் கேள்வியே வேண்டும்.

அந்த ஃபிரிட்ஜ் விவகாரம் என்ன?

2014 செப்டம்பரில் யூ2 இசைக்குழுவின் புதிய ஆல்பத்தை ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் என்ற தன் இணையப் பாட்டுக் கடையில் கணக்கு வைத்திருந்த ஏறக்குறைய 50 கோடிப் பேருக்கு இலவசமாகக் கொடுத்தது. கேட்டவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை, எல்லோருடைய கணக்கிலும் தானாகவே சேர்த்துவிட்டது. மக்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. “என் போனில் நான் வைக்காத பாட்டு எப்படி வந்தது?” என்று கோபம் கிளம்பியது. ஒரே வாரத்தில் அந்த ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனி வசதி செய்துதர வேண்டியதாயிற்று.

‘பாப்ஸ்டார்’ இதை அப்படியே எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறது. அக்வாஸ்பின் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் கானரின் புதிய ஆல்பத்தைத் தன்னுடைய எல்லாச் சாதனங்களிலும் ஒரே நேரத்தில் வெளியிடுகிறது. பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் கானர் பாடுகிறான். யாரும் கேட்கவில்லை, நிறுத்தவும் வழி இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஓடியதில் நாடு முழுக்கக் கரன்ட் போய்விடுகிறது. அந்த நிறுவனத்தின் பிரதிநிதியாக வரும் மாயா ருடால்ஃபின் முகத்தைக் கவனியுங்கள். ஊரே இருட்டில் கிடக்கும்போதும் திட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நம்புகிற புன்னகை அது.

எனக்கு இந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த எழுத்து இதுதான். மக்களிடம் எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்ற வெறியில், அவர்கள் விரும்புகிறார்களா என்று கேட்கவே மறந்துவிடுவது இந்தக் காலத்துப் புகழின் வியாதி. அதை ஒரு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து காட்டிவிடுகிறார்கள்.

பாட்டுகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றனவா, இல்லை கிண்டலுக்காக ஏனோதானோவென்று செய்ததா?

இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். பகடிப் பாட்டு எழுதுகிறவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, மெட்டையும் மட்டமாகப் போடுவது. மெட்டு மட்டமாக இருந்தால் கேட்பவருக்கு முதல் வரியிலேயே இது கிண்டல் என்று தெரிந்துவிடும், அப்புறம் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. இந்த மூவரும் நேர்மாறாகச் செய்தார்கள். தாளம், கோரஸ், பின்னணிக் குரல் அடுக்கு எல்லாம் ரேடியோவில் நிஜமாக ஓடும் தரத்தில் இருக்கும். பாட்டுக்குத் தலை ஆட ஆரம்பித்த பிறகுதான் வரிகள் காதில் விழும்.

உதாரணமாக ‘ஐம் ஸோ ஹம்பிள்’. நான் எவ்வளவு அடக்கமானவன் தெரியுமா என்று ஒரு ஸ்டேடியம் அளவுக்குச் சத்தம் போட்டுப் பெருமை அடிக்கும் பாட்டு. மரூன் 5 குழுவின் ஆடம் லெவீன் கோரஸ் பாடியிருக்கிறார். கேட்கும்போது நிஜ ஹிட் பாட்டு போலவே கால் தாளம் போடும்.

இன்னொன்று ‘ஈக்வல் ரைட்ஸ்’. ஒருபாலினத்தவரின் திருமண உரிமைக்காகக் கானர் பாடுகிறான். பிங்க் என்ற பாடகி கூடச் சேர்ந்து பாடுகிறார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் தான் அப்படிப்பட்டவன் இல்லை, இல்லவே இல்லை என்று கானர் பதறிப் பதறிச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பாட்டு வளர வளர உரிமை பற்றிய பேச்சு குறைந்து அவனுடைய பதற்றம் மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் திருமண உரிமையை நாடு முழுவதற்கும் உறுதி செய்தது 2015 ஜூனில். படம் வந்தது 2016இல். ஏற்கெனவே கிடைத்துவிட்ட உரிமைக்காகக் கானர் புரட்சி செய்கிறான்! பிறருக்காகக் குரல் கொடுக்கும்போதும் தன் பிம்பத்தைப் பற்றியே கவலைப்படுகிறவர்களை மூன்று நிமிடத்தில் இவ்வளவு துல்லியமாகப் பிடித்த வேறொரு பாட்டை நான் கேட்டதில்லை.

‘மோனா லிசா’ என்ற பாட்டும் உண்டு. லூவர் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியத்தைப் பார்த்து ஏமாந்துபோன ஒருவனின் புலம்பல், முழுக்க முழுக்கக் காதல் பாட்டின் குரலில். அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும்.

நிஜப் பிரபலங்கள் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?

அஷர், நாஸ், ரிங்கோ ஸ்டார், மரியா கேரி, 50 சென்ட், குவெஸ்ட்லவ், கேரி அண்டர்வுட், சைமன் கோவெல், பிங்க், ஏசாப் ராக்கி என்று பட்டியல் நீளும். எல்லோரும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வந்து, இல்லாத ஒரு குழுவைப் பற்றி மனம் உருகிப் பேசுகிறார்கள். ஸ்டைல் பாய்ஸின் நடனம் தன்னை எப்படிப் பாதித்தது என்று அஷர் சொல்லும் இடத்தில் அவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அந்த நேர்மையான முகபாவம்தான் நகைச்சுவை. ஒருவர் கண்ணடித்திருந்தாலும் மொத்தமும் சரிந்திருக்கும்.

அடக்கத்தைப் பற்றிய பாட்டுக்கு மரியா கேரி சொல்லும் கருத்தைத் தவறவிடாதீர்கள். தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்த ஒருவர், அதையே எடுத்துத் தன் கையால் பரிமாறுகிறார். இப்படி வந்து உட்கார்ந்து பேசுவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

ஜஸ்டின் டிம்பர்லேக்கும் வருகிறார், ஆனால் பாடகராக அல்ல, கானரின் சமையல்காரராக. அவ்வளவு பெரிய பாடகரை வைத்துக்கொண்டு, படத்தில் அவர் பாட வாயைத் திறந்தால் அடக்குகிறார்கள். டிம்பர்லேக்குக்கும் படத்தை எழுதிய மூவருக்கும் பழைய நட்பு உண்டு. 2006இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்ந்து செய்த ஒரு பாட்டுக்கு எம்மி விருதே கிடைத்தது.

ஓநாய்க் காட்சி என்று எல்லோரும் சொல்கிறார்களே?

ஆல்பம் விழுந்த செய்தியை மறைக்கப் புதிதாக ஒரு செய்தி வேண்டும். கானர் தன் காதலி ஆஷ்லியிடம் கல்யாணப் பேச்சை எடுக்க முடிவு செய்கிறான், டிவி கேமராக்களின் முன்னால். அவளுக்கு ஓநாய்கள் பிடிக்கும் என்பதால் பழக்கிய ஓநாய்களைச் சுற்றிலும் நிறுத்தியாயிற்று. பாட நிஜப் பாடகர் சீல் வந்து நிற்கிறார். அவர் பாட ஆரம்பித்ததும் ஓநாய்களுக்கு அந்தக் குரல் ஒத்துக்கொள்ளவில்லை.

சிரித்து முடித்த பிறகு இன்னொரு முறை அந்தக் காட்சியை ஓட்டி, ஆஷ்லியாக நடித்த இமோஜென் பூட்ஸின் முகத்தை மட்டும் பாருங்கள். தன் வாழ்க்கையின் பெரிய தருணம் ஒரு விளம்பர நிகழ்ச்சியாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணை அங்கே காண்பீர்கள்.

இவ்வளவு நல்ல படம் என்றால் ஏன் ஓடவில்லை?

சுமார் 2 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுவதும் சேர்த்து ஒரு கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. 2016 ஜூன் 3 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதே நாளில் நிஞ்ஜா ஆமைகளின் புதிய படமும், ‘மீ பிஃபோர் யூ’ என்ற காதல் படமும் வந்தன. குழந்தைகள் ஒரு பக்கம் போனார்கள், காதலர்கள் இன்னொரு பக்கம் போனார்கள். விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டியே எழுதினார்கள், ஆனால் டிக்கெட் விற்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். இவர்கள் மூவரும் ‘தி லோன்லி ஐலண்ட்’ என்ற பெயரில் புகழ் பெற்றதே இரண்டு மூன்று நிமிட வீடியோக்களால்தான். 2005 டிசம்பரில் வந்த ‘லேஸி சண்டே’, அப்போது பிறந்து ஓராண்டுகூட ஆகாத யூடியூபில் காட்டுத்தீ போலப் பரவியது. அவர்களுடைய ரசிகர்கள் அவர்களைக் கணினித் திரையில், இலவசமாக, திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியவர்கள். அப்படிப்பட்டவர்கள் காசு கொடுத்துத் தியேட்டருக்கு வருவது கடினம். வீட்டுக்குப் படம் வந்ததும் பார்த்தார்கள்.

அப்படியானால் வீட்டில் பார்ப்பதுதான் சரியான வழியா?

ஆமாம், அதைத் தயங்காமல் சொல்வேன். இந்த வகைப் படங்களுக்கு வீடுதான் சொந்த ஊர். 1984இல் ராப் ரெய்னர் இயக்கிய ‘திஸ் இஸ் ஸ்பைனல் டேப்’ இந்த வகையின் மூத்த படம். ஒரு ராக் குழுவின் வீழ்ச்சியைக் காட்டியது. தியேட்டரில் சுமாராகத்தான் போனது. வீடியோ கேசட்டாக வீடுகளுக்கும், சுற்றுப்பயணம் போகும் இசைக்குழுக்களின் பேருந்துகளுக்கும் போன பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. 2002இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பிடித்தது. ஒலிப்பெருக்கியின் குமிழில் பத்துக்கு மேல் பதினொன்று வரை எண் போட்டிருக்கும் அந்த நகைச்சுவை ஆங்கிலம் பேசும் உலகில் பழமொழி போலவே ஆகிவிட்டது.

காரணம் எளிது. போலி ஆவணப்படத்தில் பாதி நகைச்சுவை ஓரத்தில் நடக்கும். பேட்டி கொடுப்பவருக்குப் பின்னால் சுவரில் ஏதோ எழுதியிருக்கும். பெயருக்குக் கீழே போடும் தொழிலிலேயே ஒரு நக்கல் இருக்கும். அதைப் படிக்கும் முன் அடுத்த ஆள் வந்துவிடுவார். கானர் தன்னிடம் சம்பளம் வாங்கும் ஆட்களை வரிசையாக அறிமுகப்படுத்தும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32 பேர். அதில் ஒரு குள்ளமான மனிதருக்கு வேலை, புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று கானரை உயரமாகக் காட்டுவது! முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் அதற்கு அடுத்த இரண்டு பேரை நான் கவனிக்கவே இல்லை. தியேட்டரில் போனது போனதுதான். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது, பின்னால் போய்ப் பார்க்கலாம்.

டிஸ்க் வாங்கலாமா, ஆன்லைனில் பார்த்தால் போதாதா?

ஒரு முறை பார்க்க ஆன்லைன் போதும். பிடித்துப்போனால் டிஸ்க் வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் இருக்காது, உரிமம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

அமெரிக்காவில் 2016 செப்டம்பரில் ப்ளூரே, டிவிடி இரண்டும் வந்தன. வெட்டிய காட்சிகள், பாட்டு வீடியோக்கள், படப்பிடிப்பில் சிரித்துக் கெடுத்த துண்டுகள் எல்லாம் உண்டு. வெட்டிய காட்சிகளைச் சும்மா தள்ளிவிடாதீர்கள். இந்த மாதிரிப் படங்களில் நடிகர்களை மனம்போல் பேசவிட்டு நிறைய எடுப்பார்கள். அதில் 87 நிமிடத்துக்கு மட்டும் இடம் கிடைக்கும்.

எனக்கு முக்கியம் கமென்ட்டரி. சாம்பெர்க், ஷாஃபர், டக்கோன் மூவரும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். எந்த இடத்தில் யார் என்ன யோசனை சொன்னார்கள் என்று ஒருவரையொருவர் திருத்தி, ஒருவர் வரியை இன்னொருவர் முடித்து வைத்து, பழைய நண்பர்கள் திண்ணையில் பேசுவது போல ஓடும். படத்தை இரண்டு முறை பார்த்த பிறகு, மூன்றாவது முறை இந்தக் குரல்களோடு பாருங்கள்.

வாங்கும்போது ரீஜியனை, அதாவது டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் குறியீட்டைக் கவனியுங்கள். இந்தியாவும் இலங்கையும் டிவிடிக்கு ரீஜியன் 5, ப்ளூரேவுக்கு ரீஜியன் சி. அமெரிக்க டிவிடி ரீஜியன் 1, ப்ளூரே ரீஜியன் ஏ. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால் அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரீஜியன் பூட்டு இல்லாத டிஸ்க்கா, உங்கள் பிளேயர் அதை ஓட்டுமா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுக்கச் சொன்னால் போதும்.

சப்டைட்டில் வேண்டுமா?

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். ராப் வரிகள் வேகமாகப் போகும், நகைச்சுவை முழுக்க வார்த்தையில்தான். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் சத்தத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்றிதழ். கெட்ட வார்த்தை நிறைய உண்டு, போதைப்பொருள் உண்டு, ஒளிக்காமல் காட்டும் நிர்வாணமும் உண்டு. குறிப்பாக ரசிகர்கள் காரைச் சூழ்ந்துகொண்டு ஆட்டோகிராஃப் கேட்கும் ஒரு காட்சி, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கவே முடியாதது. சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, நண்பர்களோடு பாருங்கள். உங்கள் வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால், முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாடகர்களையெல்லாம் கேவலப்படுத்துகிற படமா?

இந்தக் கேள்வியைப் பீபர் ரசிகை ஒருவர் என்னிடம் கொஞ்சம் வருத்தத்தோடே கேட்டார். இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்றும் சொல்கிறேன்.

படத்தில் கானர் முட்டாள்தனம் செய்கிறான், ஆனால் கெட்டவன் இல்லை. அவனைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். அவன் எந்த யோசனை சொன்னாலும் 32 பேரும் தலையாட்டுகிறார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் சம்பளம் அவன் பையிலிருந்து. மேனேஜர் ஹாரியாக டிம் மெடோஸ் நடித்திருக்கிறார். நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர், இது தப்பு என்று அவர் முகத்தில் எழுதியிருக்கும். ஆனாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். விளம்பரப் பொறுப்பாளர் பாலாவாக வரும் சாரா சில்வர்மனும் அப்படியே. நம் ஊரில் இதற்கு ‘ஆமாம் சாமி’ என்று கச்சிதமான வார்த்தையே இருக்கிறது. இருபது வயதுப் பையன் ஒருவனைச் சுற்றி ஆமாம் சாமிகளை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் படம் காட்டுகிறது. ஃபிரிட்ஜில் பாட்டு வைப்பதும், ஓநாய்களோடு கல்யாணம் பேசுவதும் ‘வேண்டாம்’ என்று ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

அவனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவனுக்கு உரிய பெயரைக் கொடுக்காமல் துரத்திவிட்டான். இன்னொருவன் வாயை மூடிவிட்டான். அதனால்தான் கானர் விழும்போது எனக்குச் சிரிப்போடு பாவமாகவும் இருக்கும். அவன் வளர்க்கும் மாக்ஸிமஸ் என்ற ஆமை இறக்கும் கட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மூன்று நண்பர்கள் கதை நிஜமாக நடந்ததா?

சண்டை கற்பனை, நட்பு நிஜம். சாம்பெர்க், ஷாஃபர், டக்கோன் மூவரும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பள்ளி நாட்களிலேயே பழகியவர்கள். ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு 2005இல் மூவருமாகத்தான் போனார்கள். அங்கே திரையில் அதிகம் தெரிந்த முகம் சாம்பெர்க். மற்ற இருவரும் பெரும்பாலும் எழுத்திலும் இயக்கத்திலும் இருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், ஒருவன் மட்டும் புகழ் பெற்று மற்ற இருவரும் நிழலில் நிற்கும் கதையை இவர்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பது வேறுவிதமாகப் படும். தங்களுக்கு நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல் பார்த்துக்கொண்ட ஒரு விஷயத்தை வைத்து நகைச்சுவை செய்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்த பிறகு வேறு எதைப் பார்க்கலாம்?

மேலே சொன்ன ‘ஸ்பைனல் டேப்’ கட்டாயம். அதற்கும் முன்னால் 1978இல் டிவிக்காக எடுத்த ‘தி ரட்டில்ஸ்’ உண்டு. எரிக் ஐடில், நீல் இன்னஸ் இருவரும் பீட்டில்ஸ் குழுவை வைத்துச் செய்த பகடி. நீல் இன்னஸ் அதற்குப் போட்ட பாட்டுகள் பீட்டில்ஸ் பாட்டு என்றே நம்பும்படி இருக்கும். நாட்டுப்புற இசை பிடித்தவர்களுக்கு 2003இல் வந்த ‘எ மைட்டி விண்ட்’. மூன்றும் ‘பாப்ஸ்டார்’ அளவுக்கு வேகமானவை அல்ல, பொறுமையாகப் பாருங்கள்.

மொத்தப் படத்துக்கும் நேரம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தைக் கவனி என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஓவனின் தலைக்கவசம். யோர்மா டக்கோன் நடித்த அந்தப் பாத்திரம் ஒரு காலத்தில் பாட்டுகளுக்கு இசை அமைத்தவன். கானரின் மேடையில் இப்போது அவன் வேலை, ஐபாடில் ஒரு பட்டனை அழுத்துவது. அது போதாதென்று கண்ணைக் கூசவைக்கும் ஒளி பாய்ச்சும் ஒரு பெரிய தலைக்கவசத்தையும் அவன் தலையில் மாட்டிவிடுகிறார்கள். முகமே தெரியாது. அவன் கோபப்படுவதில்லை, நண்பன் கேட்டான் என்று மாட்டிக்கொள்கிறான். ஆயிரக்கணக்கானவர்கள் கானரின் பெயரைக் கத்துகிறார்கள். பின்னால் மேடையின் உயரத்தில், அந்தக் கவசத்துக்குள்ளிருந்து ஓவன் நேரம் பார்த்துப் பட்டனை அழுத்துகிறான்.